மருந்துக் கடைக்குத் துப்பாக்கி ஏந்திய பாதுகாவலரை அமர்த்துவது எப்படி?

பாளையங்கோட்டையில் ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அருகே, இரவு முழுவதும் திறந்திருக்கும் மருந்துக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ஓர் இரவு, பில் போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு முன்னால் மேசைமேல் அரிவாளை வைத்துவிட்டு, இரண்டு பேர் கல்லாவில் இருந்த பணத்தையும் வலிநிவாரணி மாத்திரை அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். போன பணம் பெரிதன்று. ஆனால் அந்தப் பையன் மறுநாள் முதல் இரவு வேலைக்கு வர மறுத்துவிட்டான். ‘கன்மேன் ஒருத்தரைப் போட்டுவிடுங்கள், அண்ணாச்சி’ என்று பார்த்தவர் எல்லாரும் சொன்னார்கள். முறையான உரிமத்தோடு ஒருவர் என் கடை வாசலில் வந்து நிற்பதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் பிடித்தன. அதற்கிடையே இரண்டு பேரை ஆவணக் குறைபாட்டால் திருப்பி அனுப்பினேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் மருந்துக் கடை நடத்தும் மற்றவர்களும் அதே அலைச்சலைப் பட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. துப்பாக்கி தேவைதானா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடையை முன்கூட்டியே நோட்டம் பார்த்து, இங்கே எளிதாக அடித்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டு வருபவரைத்தான் கன்மேன் தடுப்பார். மாத்திரை போதைக்காக அலைந்து வருபவர் கணக்குப் போடும் நிலையில் இருப்பதில்லை. உங்கள் கடைக்கு வரக்கூடிய ஆபத்து இவற்றில் எது என்று எடைபோட்ட பிறகே செலவில் இறங்குங்கள். நகைக்கடைக்குப் பொருந்துவது நமக்கு அப்படியே பொருந்தாது. இரவு இரண்டு மணிக்கு நம் கடைக்கு வருபவரில் பெரும்பாலோர் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருபவர்கள்.

துப்பாக்கிக்கு முன்பாகவே செய்து முடிக்க வேண்டிய, செலவு குறைந்த வேலைகள் சில இருக்கின்றன. இரவு பத்து மணிக்குமேல் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கம்பி அடித்த சிறு சன்னல் வழியாக மட்டும் விற்கலாம். கல்லாவில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குமேல் தங்கவிடாமல், மீதியைத் தரையில் பதித்த பெட்டிக்குள் துவாரம் வழியாகப் போட்டுவிடலாம். மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள எக்ஸ் அட்டவணை மருந்துகளைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதி. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டிய எச்1 அட்டவணையில் உள்ள டிரமடால், அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடெம் போன்றவற்றையும், போதைக்காகக் கேட்கப்படும் டாபென்டடாலையும் அதே பூட்டுக்குள் தள்ளிவிடுங்கள். அமெரிக்காவில் சி.வி.எஸ். என்ற மருந்துக்கடைத் தொடர் 2015ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரக் கடைகளில், எண்ணை அழுத்திச் சில நிமிடங்கள் கழித்தே திறக்கும் பெட்டகங்களை வைத்தது; அதன்பின் அந்தக் கடைகளில் கொள்ளைகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. காத்திருக்க நேரமில்லாத திருடனுக்குக் காத்திருப்பைப் போலத் தடை வேறில்லை என்பதால், என் கடையிலும் கன்மேனுக்கு முன்பே பூட்டைத்தான் மாற்றியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் கடை தனித்த இடத்தில் இருக்கிறது, இரவில் ஊழியர் ஒருவரே நிற்கிறார், ஏற்கெனவே ஒருமுறை நடந்துவிட்டது என்றால் துப்பாக்கி ஏந்தியவரை அமர்த்துவதில் பொருள் உண்டு. அதுவும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை போதும். வெளிநோயாளிகள் நெருக்கும் காலை வேளையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கூட்டத்துக்குள் இருப்பது பாதுகாப்பைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

2. எந்த வழியில் அமர்த்துவது

தனியார் பாதுகாப்பு நிறுவனம் வழியாக எடுக்கலாம். அல்லது சொந்தத் துப்பாக்கி உரிமம் உள்ள முன்னாள் படைவீரர் ஒருவரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நேரடியாக வைத்தால் மாதச் செலவு குறையும். ஆனால் நடத்தைச் சரிபார்ப்பு, விடுப்புக்கு மாற்றாள், விபத்து இழப்பீடு ஆகிய அனைத்தும் உங்கள் தலையில் விழும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால் வேலை தேடுவோரைப் பற்றித் தகவல் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ முக்கியமாக அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் ஆள் தருவதால், ஒரு சிறு கடைக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதல்முறை அமர்த்துவோருக்கு நிறுவனமே மேல் என்பது என் கருத்து.

3. நிறுவனத்தின் உரிமத்தைச் சரிபாருங்கள்

தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005இன்படி உரிமம் இல்லாமல் எந்த நிறுவனமும் காவலுக்கு ஆள் அனுப்பக்கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. இந்த உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதை அவர்கள் தம் அலுவலகத்தில் பார்வையில் படும்படி மாட்டிவைத்திருக்க வேண்டும். ஆகவே, விலைப்புள்ளியை வாட்சப்பில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யாமல், ஒருமுறை அலுவலகத்துக்கே நேரில் சென்று பாருங்கள்.

அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உரிமம் முடியும் தேதி. மற்றொன்று, எந்தெந்த மாவட்டங்களுக்கு அது வழங்கப்பட்டிருக்கிறது என்பது. ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு முதல் ஐந்து மாவட்டங்கள் வரை 10,000 ரூபாய், மாநிலம் முழுமைக்கும் 25,000 ரூபாய் என்று கட்டணம் வேறுபடுவதால், சிறு நிறுவனங்கள் ஒரே மாவட்டத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டு பக்கத்து மாவட்டத்திலும் ஆள் போடுகின்றன. எனக்கு முதலில் வந்த நிறுவனத்தின் உரிமம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு மட்டுமே உரியது. அதைக் கேட்டதும், ‘எல்லாம் ஒரே நெல்லைச் சீமைதானே’ என்று மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் ஏற்றுக்கொள்ளாது.

சீருடை பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். காக்கி போட்டு நிறுத்தினால் திருடன் பயப்படுவான் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். காவல்துறை, படைகள் ஆகியவற்றின் சீருடையைப் போலத் தோன்றும் உடையை அணிவதும் அணியவிடுவதும் இதே சட்டத்தின்கீழ்த் தனிக் குற்றம்.

4. துப்பாக்கி உரிமத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். துப்பாக்கி உரிமம் என்பது ஓர் ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கு, ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு வழங்கப்படுவது. நிறுவனம் தரும் நகலைப் பார்த்துத் தலையாட்டாமல், மூல உரிமத்தை வாங்கி, பாதுகாவலரை எதிரே உட்காரவைத்து வரிவரியாகப் படியுங்கள்.

முதலில் தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். தேசியத் தரவுத்தளத்தில் பதிந்து தரப்படும் அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. அடுத்து முடிவுத் தேதி: 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்படுகிறது, அதற்கு முன்பு மூன்றாண்டுகளாக இருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன் என்று ரசீதை மட்டும் நீட்டுபவரை, புதுப்பித்த பிறகு வாருங்கள் என்று மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

பிறகு நோக்கம். களக்காடு, பாபநாசம் போன்ற மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றிக்குப் பயந்து பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அது அந்த நிலத்துக்கும் அந்த வேலைக்கும் மட்டுமே உரியது. எனக்கு அனுப்பப்பட்ட முதல் பாதுகாவலரிடம் இருந்தது அத்தகைய உரிமம்தான். நல்ல மனிதர், நேரம் தவறாதவர், ஆனால் அவருடைய துப்பாக்கி என் கடை வாசலுக்கு வந்ததே சட்டப்படி தவறு. மூன்று இரவுகள் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது.

எல்லையையும் பார்க்க வேண்டும். உரிமம் மாவட்டத்துக்கா, மாநிலத்துக்கா, நாடு முழுவதற்குமா என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வெளிமாநிலத்தில் வழங்கப்பட்டு அந்த மாநில எல்லையோடு நிற்கும் உரிமத்தை இங்கே வைத்துக்கொண்டு நிற்பவர், உரிமம் இல்லாதவருக்குச் சமம்.

கடைசியாகத் துப்பாக்கியின் எண். நம் பக்கத்தில் பாதுகாவலர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 12 போர் (bore) அளவுள்ள ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி. குழலிலும் உடற்பகுதியிலும் பொறித்துள்ள எண்ணையும் உரிமத்தில் உள்ள எண்ணையும் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். பழைய துப்பாக்கியில் எழுத்து தேய்ந்து 3 என்பது 8 போலத் தெரியும். என் கடையில் இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியின் விளக்கொளியில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். தோட்டாக்களின் எண்ணிக்கையும் உரிமத்தில் அனுமதித்த அளவுக்குள் இருக்க வேண்டும்.

உரிமம் உண்மையானதா என்பதை, அதை வழங்கிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு உறுதிசெய்யுங்கள். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் குடியிருப்பவருக்கு உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். எல்லைக்கு வெளியே அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் குடியிருப்பவருக்கு மாவட்ட ஆட்சியர். இது தெரியாமல் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நான் இரண்டு நாள் நின்றேன். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டதால், சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்களின் பழைய உரிமத்தில் திருநெல்வேலி முத்திரை இருந்தாலும், இன்று விசாரிக்க வேண்டிய இடம் தென்காசி. பதில் கிடைக்க எனக்கு ஐந்து வாரங்கள் ஆயின. ஆகவே ஆள் பிடித்ததும் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

5. பாதுகாவலரின் மற்ற ஆவணங்கள்

ஆதார் நகல், இருப்பிடச் சான்று, புகைப்படத்தோடு கூடிய நிறுவன அடையாள அட்டை, பயிற்சிச் சான்றிதழ், காவல்துறை நடத்தைச் சரிபார்ப்புச் சான்று ஆகியவற்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். முன்னாள் படைவீரர் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பாருங்கள். வயது 18க்குக் குறையாமலும் 65ஐ எட்டாமலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அறுபதைத் தாண்டியவரானால், இரவு வெளிச்சத்தில் சாலையின் எதிர்ப்புறப் பெயர்ப்பலகையை அவரால் படிக்க முடிகிறதா என்று பேச்சுவாக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை.

6. செலவைக் கணக்கிடுங்கள்

எனக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகள், எட்டு மணிநேர இரவுப் பணிக்கு மாதம் 26,000 முதல் 34,000 ரூபாய் வரை இருந்தன. துப்பாக்கி இல்லாத காவலாளிக்கு அதே நிறுவனங்கள் 16,000 முதல் 18,000 வரை கேட்டன. மிகக் குறைவாகக் கேட்டவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே குறைவது பெரும்பாலும் அந்த மனிதருடைய சம்பளம்தான், சம்பளம் சரியாகக் கிடைக்காதவர் இரண்டாம் மாதமே வேறிடம் போய்விடுவார்.

இதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. 28,000 ரூபாய்க்கு வரி 5,040 சேர்ந்து 33,040 ஆகும். கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. பாதுகாப்பு நிறுவனம் கம்பெனியாகப் பதிவு செய்யப்படாமல் தனிநபர் நிறுவனமாகவோ கூட்டாண்மையாகவோ இருந்து, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2019 ஜனவரி முதல் எதிர்முறை வரிவிதிப்பு பொருந்தும். அதாவது அந்த 5,040 ரூபாயை அவர் வாங்க மாட்டார், நீங்களே அரசுக்குப் பணமாகக் கட்டிவிட்டுப் பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லில் வரி இல்லையே என்று மகிழ்ந்துவிட்டு ஆண்டு முடிவில் வட்டியோடு கட்டியவர்களை எனக்குத் தெரியும். இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. எதற்கும் உங்கள் கணக்காளரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. கட்டியதற்கான சலான் நகலை மாதந்தோறும் பில்லோடு கேளுங்கள். நகல் வராத மாதத்தில் பணத்தை நிறுத்திவைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

7. மாற்றாளும் தேர்தலும்

ஒருவரே மாதத்தில் முப்பது இரவும் நிற்க முடியாது. வார விடுப்பன்று நிறுவனம் வேறொருவரை அனுப்பும். அவர் அதே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். உரிமத்தில் பெயர் இல்லாதவர் கையில் அந்தத் துப்பாக்கி இருந்தால் அது உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றம். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. மாற்றாளுக்கும் தனி உரிமமும் தனித் துப்பாக்கியும் இருக்க வேண்டும். இல்லையெனில் விடுப்பு நாளில் துப்பாக்கியில்லாத ஒருவர் வந்தால் போதும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அந்த இரவுக்குரிய தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்திருக்கிறேன்.

தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன; ஏறத்தாழ மூன்று மாதங்கள். வங்கிக் காவலில் இருப்பவர்களுக்கு விலக்களிப்பது வழக்கம். மருந்துக் கடைக்கு அது தானாகக் கிடைக்காது. தேர்தல் அறிவிப்பு வெளிவந்த வாரத்திலேயே விலக்குக் கேட்டு மனுக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மாதங்களுக்குத் துப்பாக்கியில்லாத காவலாளிக்குரிய கட்டணம்தான் தருவேன் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். முழுத் தொகையும் கொடுத்துவிட்டு, ஒரு விசிலோடு நிற்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எரிச்சலூட்டும் அனுபவம்.

8. காவல் நிலையமும் காப்பீடும்

பாதுகாவலரின் பெயர், உரிம எண், துப்பாக்கி எண், பணி நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு உங்கள் எல்லைக் காவல் நிலையத்தில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ரோந்து வருபவர் கையெழுத்திடும் பட்டா புத்தகத்தை உங்கள் கடையில் வைக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் கேட்கலாம். செலவில்லாத இந்தப் புத்தகம், நள்ளிரவில் காவல்துறை வாகனம் வாசலில் நிற்பதை நோட்டம் பார்ப்பவர் கண்ணில் படச் செய்கிறது.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசியில் ‘இரவுக் காவல் உண்டு’ என்று நீங்களே எழுதிக்கொடுத்திருந்து, சம்பவ இரவில் காவலாளி வராமல் இருந்திருந்தால், இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். இருட்டில் தவறிச் சுட்டு வாடிக்கையாளருக்குக் காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பதற்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு நிறுவனத்திடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

9. முதல் வாரத்தில் கடைக்குள் வகுக்க வேண்டிய ஒழுங்கு

பாதுகாவலரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே நின்றால் உள்ளே நுழைந்தவரின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கும். நீளக் குழலை அந்த இடுக்கில் திருப்பவும் முடியாது. சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி, முதுகுக்குச் சுவர் இருக்கும்படி, விளக்கு வெளிச்சத்தில் வாசலின் ஓரத்தில் நிற்கட்டும்.

இரண்டாம் வாரம் நடந்ததைச் சொல்கிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எதிர்க் கடையில் டீ குடிக்கப் போனவர், துப்பாக்கியைக் குளிர்பெட்டியின் ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, ‘தம்பி, கொஞ்சம் பாத்துக்கிடும்’ என்று சொல்லிப் போயிருக்கிறார். இன்சுலின் எடுக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்ததால், என் ஊழியர் அதைத் தூக்கி மருந்து அட்டைப்பெட்டிகளின்மேல் வைத்திருக்கிறார். கேமராப் பதிவில் அதைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அன்றே டீயைக் கடைக்கு வரவழைக்க ஏற்பாடு செய்தேன். மாதம் அறுநூறு ரூபாய் ஆகிறது. கடை ஊழியர் எவரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது, பணி முடிந்ததும் அது பாதுகாவலரோடு போய்விட வேண்டும், கடையில் பூட்டிவைக்கக்கூடாது.

எப்போது சுடலாம் என்பதை நிறுவன அதிகாரி முன்னிலையில் பேசி எழுதி வாங்குங்கள். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக்கூடாது என்பது அதன் எல்லை. ஆயுதத்தோடு உயிருக்கு அச்சுறுத்தல் வரும்போது உள்ள உரிமை, மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடுபவரை முதுகில் சுடுவதற்கு இல்லை. ஓடினால் ஓடட்டும், வண்டி எண்ணைப் பார்த்தால் போதும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

10. சம்பவம் நடந்துவிட்டால்

112க்கு அழையுங்கள், ஷட்டரை இறக்கிவிட்டு, எதையும் தொடாமல் விடுங்கள். துப்பாக்கி வெடித்திருந்தால் காலித் தோட்டாவையும் எடுக்கக்கூடாது. எச்1 பதிவேட்டையும் கொள்முதல் பில்களையும் வைத்து, எந்த மருந்து எத்தனை அட்டை போயிற்று என்று அன்றைக்கே கணக்கெடுத்து, மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பின்னாளில் அந்த அட்டைகள் வேறெங்காவது பிடிபட்டால், அவற்றின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) உங்கள் கடையைத்தான் காட்டும். காவல் நிலையத்தில், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்ப முயன்றால் முதல் தகவல் அறிக்கை பதியும்படி வற்புறுத்துங்கள். அதன் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கேட்பது அந்த நகலைத்தான், அதையும் பாலிசியில் குறித்துள்ள நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.